மார்கழிக் கோரையும் சாதுவான ஆடும்

நான் நேரில் பாம்பைப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். ஆனால் பார்க்காத பாம்புகளுக்குப் பயந்தே பாதி ஆயுள் போய்விட்டது.

எங்கள் வீடு திருநெல்வேலிக்கு வெளியே, வயலாக இருந்து பிளாட் ஆன இடத்தில் இருக்கிறது. தான் வயல் என்ற நினைப்பு அந்த மண்ணுக்கு இன்னும் போகவில்லை. மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் கொல்லைப்பக்கம் கோரையும் நாயுருவியும் இடுப்பளவு நிற்கும். கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். மறுவாரமே பச்சைப் பசேலென்று எட்டிப் பார்க்கும்.

அந்த மார்கழியில் மகள் கோமுவுக்குப் பத்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை. விடுமுறை என்றால் கொல்லைக்குப் போவாள். போனால் பாம்பு கடிக்கும். (என் மனம் இந்த வேகத்தில்தான் ஓடும்.) புல்லை உடனே ஒழித்தாக வேண்டும். அரிவாளைக் கொடுத்தால் கணவர் தன் காலையே வெட்டிக்கொள்வார். களைக்கொல்லி அடித்தால் போர் தண்ணீரில் கலந்துவிடும். நான் வேதியியல் ஆசிரியை, எனக்குப் பயப்பட அதிகக் காரணங்கள் தெரியும்.

“வெட்டவும் கூடாது, மருந்தும் கூடாது. புல்லுகிட்ட பேசிப் பாக்கப்போறியா?” என்றார் கணவர்.

ஆட்டை விட்டு மேய்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த தெருவில் ஆடு வளர்க்கும் அண்ணாச்சியிடம் போனேன்.

“முட்டாத ஆடாக் குடுங்க அண்ணாச்சி. வீட்டுல பொம்பளப் பிள்ள இருக்கா. ஓடக் கூடாது, துள்ளக் கூடாது. சாதுவா இருக்கணும்.”

அவர் சற்று யோசித்தார். “அப்படி ஒண்ணு இருக்கு டீச்சர். நடக்கவே யோசிக்கும்.”

மறுநாள் காலையில் அந்த ஆடு வந்தது. உண்மையிலேயே சாது. வயிறு மட்டும் பீப்பாய் மாதிரி இருந்தது. நல்ல தீனி தின்று வளர்ந்த ஆடு என்று மகிழ்ந்தேன். (நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தான்.) அது கோரையை முகர்ந்து பார்த்துவிட்டு, என் செம்பருத்தியை மொட்டையடித்தது. பிறகு புல்லுக்குள் போய் மறைந்துவிட்டது. கணவர் கங்கைகொண்டானில் வேலைக்குப் போயிருந்தார்.

மதியம் புல்லுக்குள்ளிருந்து ஆட்டின் அலறல் கேட்டது.

“அம்மா, ஆடு குட்டி போடப்போகுது!” என்றாள் சன்னலில் எட்டிப் பார்த்த கோமு.

அண்ணாச்சிக்கு போன் போட்டேன். “அதுக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்கே டீச்சர்!” என்றார், தவறு என்னுடையது போல. “அம்பாசமுத்திரத்துல நிக்கேன். பஸ்ஸைப் பிடிச்சி வாரேன்.”

நான் கணவருடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையில் கம்போடு கொல்லைப்படி வரை போனேன். அதற்குமேல் கால் நகரவில்லை. கோமு என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள், வெறுங்காலோடு.

“ஏட்டி! செருப்பைப் போடுட்டி! பாம்பு கெடக்கும்!”

அவள் திரும்பவே இல்லை. இடுப்பளவுப் புல்லில் குனிந்து போன அவள் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. ஆட்டின் முனகல் கேட்டது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை.

“அம்மா, குட்டி மூச்சு விடல!”

“செருப்பைப் போடுட்டி!” என்றேன் நான். (வேறு வார்த்தையே வாயில் வரவில்லை.)

எழுந்து நின்றாள் கோமு. கையில் நனைந்து தொங்கும் ஒரு கறுப்பு உருவம். அதன் மூக்கை மூடியிருந்த சவ்வைத் தன் துப்பட்டாவால் வழித்தெடுத்தாள். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாக மெல்ல ஆட்டினாள். விலா எலும்பை அழுத்தித் தேய்த்தாள். கரப்பான் பூச்சிக்குக் கட்டிலில் ஏறி நிற்கும் பிள்ளை அவள். இந்தக் கைகளை யார் கொடுத்தது? நிச்சயம் நான் இல்லை.

குட்டி ஒரு தும்மல் போட்டது.

எப்போது படியிறங்கினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால், நான் ஒழிக்க நினைத்த கோரை மெத்தை மாதிரி மடிந்து கிடக்க, தாய் ஆடு குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. பிறந்து சற்று நேரமே ஆன அந்த உயிர் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அதன் தலைக்குமேல் புல் காடாக நின்றது. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாம்பு நினைவுக்கே வரவில்லை.

மாலையில் வந்த கணவர் கொல்லையைப் பார்த்தார். “புல்லு அப்படியே நிக்கி. ஆடு மட்டும் கூடிட்டு” என்றார்.

கோரை இன்றும் நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குப் பதற்றம் வந்தாலும், பரீட்சை முடிவானாலும் ரத்தப் பரிசோதனையானாலும், யாராவது ஒருவர் “செருப்பைப் போடுட்டி” என்பார்.

போன மாதம் கோமுவைக் கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். சொல்ல நிறைய வைத்திருந்தேன், பெட்டியை இறக்கிக் கொடுத்ததோடு சரி. படியேறப் போனவள் திரும்பி, ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள்.

“போட்டிருக்கேம்மா.”