வாழைப்பழத்துக்குள் ஒரு நடை

கேப்டன் வாசற்படியில் நின்றுவிட்டார். வெளியே வாடகைக் கார் மறுபடி ஹார்ன் அடித்தது.

“என்னங்க, காலை எடுத்து வையுங்க.”

“நான் சொல்லியாச்சு. அதுதான் யோசிக்குது.”

அவர் கப்பல் கேப்டனும் இல்லை, படைக் கேப்டனும் இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்றில் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவராக இருந்தவர். அந்தப் பதவிக்கு அங்கே அப்படித்தான் பெயர். இரண்டு கையிலும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, சமையலறைக் கதவை இடுப்பால் தள்ளி, ஒரு சொட்டு சூப் சிந்தாமல் நுழைந்து வந்த மனிதர். பார்க்கின்சன் நோய் வந்த பிறகு அவரைச் சொந்த வீட்டுக் கதவே நிறுத்திவைத்து விசாரித்தது. மாத்திரை உடம்பில் வேலை செய்யும்போது நடப்பார். அது வடிந்துவிட்டால் பாதம் தரையோடு தைத்ததுபோல நின்றுவிடும்.

தைப்பது அவர் மனைவியின் தொழில். தெருவுக்கே அவள் தையலக்கா.

இன்றைக்கு நடைப் பரிசோதனை. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: “ராத்திரியிலிருந்து மாத்திரை குடுக்கக் கூடாது. காலையில வெறும் உடம்போட ஒரு நடை. அப்புறம் நானே மாத்திரை குடுப்பேன். அது ஏறினதும் இன்னொரு நடை. வித்தியாசம் தெரிஞ்சா இதே மருந்தைத் தொடரலாம். தெரியலைன்னா வேற வழிதான் பார்க்கணும்.”

வேறு வழி என்ன என்று தையலக்கா கேட்கவில்லை. டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றதை மட்டும் பார்த்துவைத்திருந்தாள்.

ஒருவழியாகக் கேப்டனைப் படி தாண்டவைத்துக் காரில் உட்காரவைத்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ‘கதவை நல்லாப் பூட்டினேனான்னு பார்த்துட்டு வர்றேன்’ என்று வீட்டுக்குள் ஓடினாள். ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல என்பார்களே, அவள் மாத்திரையையே ஏற்றினாள். தோலில் சின்னதாகக் கீறி, உள்ளே அழுத்தி, விளிம்புகளைச் சேர்த்துத் தடவிவிட்டாள். எங்கே கீறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“வெறும் வயித்தோட இருக்காதீங்க” என்று பழத்தை அவர் கையில் திணித்துவிட்டு, நிஜமாகவே பூட்டாமல் வந்துவிட்ட கதவைப் பூட்டப் போனாள்.

திரும்பி வந்தபோது காரில் தோல் மட்டும் கிடந்தது. டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

“சாப்ட்டாச்சா?”

“எல்லாம் காலி” என்றார் கேப்டன்.

டிரைவர் வண்டியைச் சுற்றி வந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வலது கால் தேய்ந்து தேய்ந்து வந்தது. வலது கை சட்டைக்குள் தொங்கவிட்ட கழிபோல அசையாமல் இருந்தது. அந்தக் கால்சட்டையின் ஒரு விளிம்பு மட்டும் நைந்திருப்பதுதான் தையலக்காவின் கண்ணில் முதலில் பட்டது.

“கால்ல அடியாப்பா?”

“உக்காந்தே ஓட்டுறோம்லம்மா, மரத்துப்போச்சு. ரெண்டு வருஷமா இப்படித்தான். வண்டி ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

கார் நெரிசலில் ஊர்ந்தது. பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. மாத்திரை வேலை செய்துவிட்டால் முதல் நடையும் நன்றாக இருக்கும். இரண்டாவதும் நன்றாக இருக்கும். அப்புறம் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

அவர் காதருகே குனிந்தாள். “என்னங்க, முதல் தடவை கொஞ்சம் மோசமா நடங்களேன்.”

“அதுக்கு எனக்கு ஒத்திகை வேறயா?”

மருத்துவமனை நடைக்கூடத்தில் நீளமான பாய் விரித்திருந்தார்கள். கேப்டன் அதன் ஓரத்தில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். முழங்கால் நடுங்கியது, குதிகால் மேலே வந்தது, கட்டைவிரல் மட்டும் தரையை விடவில்லை. பிறகு எலி ஓடுவதுபோலக் குட்டிக் குட்டி எட்டுகள். திரும்பும் இடத்தில் மறுபடி சிலை.

என்ன நடிப்பு என்று வியந்துபோனாள் தையலக்கா. ஹோட்டலுக்குப் போகாமல் இவர் நாடகத்துக்கே போயிருக்கலாம்.

அவர் விழப்போனதும் ஓடிப்போய்ப் பிடித்தாள். “போதும், ரொம்பப் பண்ணாதீங்க.”

“நான் எங்கடி பண்றேன்? நிஜமாவே வரலை.”

அவள் அவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை உள்ளே போய் இத்தனை நேரம் ஆகியும் கால் வரவில்லை என்றால், மாத்திரை கைவிட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்?

நர்ஸ் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தாள். இப்போது தையலக்காவுக்கு வேறு பயம். ஒன்றின் மேல் இன்னொன்றா?

“கொஞ்சம் பொறுத்துக் குடுக்கலாமே” என்றாள்.

“ஏம்மா?”

“தண்ணி… ரொம்ப ஜில்லுனு இருக்கு.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே வெந்நீர் கொண்டுவந்தாள். கேப்டன் விழுங்கிவிட்டார். அவர் முகத்தையே பார்த்தபடி தையலக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் இருமினால் எழுந்தாள். கொட்டாவி விட்டால் நாடி பிடித்தாள்.

“ஏன் என்னை அடுப்புல வச்ச பால் மாதிரி பாக்குற?” என்றார் கேப்டன்.

மாத்திரை ஏறியதும் மறுபடி பாய்க்குக் கூப்பிட்டார்கள். கேப்டன் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. கைகள் வீசின. பாயின் கோடியில் கண்ணுக்குத் தெரியாத மேசையைச் சுற்றிவருவதுபோல அழகாகத் திரும்பி, நர்ஸுக்குத் தலைகுனிந்து வணக்கம் வேறு வைத்தார்.

“பிரமாதம்! ஒரே மாத்திரைக்கு எவ்வளவு வித்தியாசம். அளவை மாத்தவே வேணாம்” என்றாள் டாக்டரம்மா.

தையலக்காவுக்கு அழுகை வந்தது. இவர் நடந்தது இரண்டு மாத்திரைக்கு. வாயைத் திறக்காவிட்டால் இனிமேல் தினமும் அரை நடைதான். திறந்தால் மானம் போகும். போகட்டும்.

“டாக்டரம்மா, ஒண்ணு இல்லை. ரெண்டு.”

“என்ன ரெண்டு?”

“காலையில நான் வாழைப்பழத்துக்குள்ள ஒண்ணை வச்சுக் குடுத்துட்டேன்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “அப்போ இன்னைக்குப் பார்த்ததெல்லாம் வீண்தானேம்மா?”

“எந்த வாழைப்பழம்?” என்றார் கேப்டன்.

“கார்ல குடுத்தேனே!”

“அதையா? நான் எங்க சாப்ட்டேன்? டிரைவர் காலையிலேர்ந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலைன்னார். பசியோட ஒருத்தர் நிக்கும்போது நான் சாப்பிடுற பழக்கம் உண்டா? அவருக்குக் குடுத்துட்டேன். ரெண்டே வாய்ல காலி.”

தையலக்கா அவரைப் பார்த்தாள். அப்படியென்றால் முதல் நடை வெறும் உடம்பு. இரண்டாவது நடை ஒரே மாத்திரை. மாத்திரை கைவிடவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. டாக்டரம்மா திட்ட ஆரம்பித்து, முடியாமல் தானும் சிரித்துவிட்டாள்.

“வாங்க கேப்டன் சார், வாசல் கதவைத் தாண்டுறதையும் பார்த்துடலாம்.”

கேப்டன் நடந்தார். கதவு வந்தது. பழக்கத்தில் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி, நிற்காமல் வெளியே போனார்.

அப்போதுதான் தையலக்காவுக்கு டிரைவர் ஞாபகம் வந்தது. “ஐயோ, அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சோ!”

வண்டி நிறுத்துமிடத்தின் கோடியிலிருந்து டிரைவர் வந்துகொண்டிருந்தார். இரண்டு கையும் வீசி, இரண்டு காலும் தூக்கி, கிட்டத்தட்ட ஓடி வந்தார். “காலையில வலது காலும் கையும் வராம இழுத்துக்கிட்டு நடந்தாரே!” என்றாள் தையலக்கா. டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது; அவள் பார்வை அவருடைய வலது காலிலேயே இருந்தது.

டிரைவர் மூச்சு வாங்கத் தையலக்காவின் முன் வந்து நின்றார்.

“கொஞ்ச நேரம் வயித்தைப் பிரட்டுச்சும்மா, அது கிடக்கட்டும். அந்த வாழைப்பழம் எந்தக் கடையில வாங்குனீங்க?”