மிளகாய்க்காக ஒரு பதவிநீக்கத் தீர்மானம்

அரைகுறையாகச் சட்டம் தெரிந்தவன் வீட்டில் இருப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான்தான்.

கோட்டூர்புரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. அப்போது நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. குடியிருப்புச் சங்கத் தலைவர் தயாளன் சார் ஒருநாள் மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார். யாரோ தண்ணீர்த் தொட்டிக் குழாயை மிதித்து உடைத்துவிட்டார்களாம். (அந்த யாரோவைப் பற்றிப் பிறகு.) அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்திரி வெயில் முடிவதற்குள் மிளகாயும் மல்லியும் காய்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருடத்துக் குழம்புத்தூள் போச்சு.

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். முந்தைய வாரம்தான் வகுப்பில் அரசமைப்புச் சட்டத்தின் அறுபத்தொன்றாவது பிரிவை நடத்தியிருந்தார்கள். குடியரசுத் தலைவரையே பதவிநீக்கம் செய்யும் பிரிவு. தயாளன் சார் எம்மாத்திரம்?

அரசமைப்பை மீறியது ஒன்றுதான் அதற்குக் காரணமாக இருக்க முடியும். எங்களுக்கு அரசமைப்பு கிடையாது, சங்க விதிகள் இருந்தன. 'மொட்டை மாடி அனைவருக்கும் பொது' என்று அதில் ஒரு வரி. போதாதா? நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவை. எங்களுக்கும் ஏ பிளாக், பி பிளாக். ஓர் அவையில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டுப் பதினான்கு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். தீர்மானம் நிறைவேற இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஏ பிளாக்கில் பன்னிரண்டு வீடு. மூன்று கையெழுத்து வாங்கித் தலைவரிடமே நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி" என்றார்.

வாட்ச்மேன்தான் கவலைப்பட்டார். "இன்னா தம்பி, தலீவர தூக்கப் போறியாமே? அப்பால மோட்டார் யாரு போடுவாங்க?"

அம்மாவின் கவலை வேறு. "பதினாலு நாளா? அதுக்குள்ள கத்திரியே முடிஞ்சிடும்டா!"

"சட்டத்த அவசரப்படுத்த முடியாதும்மா."

பதினைந்தாம் நாள், கார் நிறுத்துமிடத்தில் இரண்டு அவைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூடின. இரவல் கறுப்புக் கோட்டில் வியர்த்து ஒழுக அரை மணி நேரம் முழங்கினேன். "தலைவர் தன் தரப்பைச் சொல்லலாம். தனக்காக வேறொருவரைப் பேசவும் வைக்கலாம்" என்று பெருந்தன்மையோடு முடித்தேன்.

"எனக்காக இவங்க பேசுவாங்க" என்று தயாளன் சார் கைகாட்டினார். எழுந்து வந்தது என் அம்மா.

"நோட்டீஸ் குடுத்த மறுநாளே சார் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சாவியக் கையில குடுத்துட்டாரு. மிளகா காஞ்சு, மில்லுல அரைச்சும் ஆச்சு. ஏன் சார் பூட்டுனீங்கன்னு துருவித் துருவிக் கேட்டேன். அப்பதான் சொன்னாரு, குழாய ஒடச்சது யாருன்னு. படிக்கற புள்ள பேரு கெடக் கூடாதுன்னு வேற யார்கிட்டயும் மூச்சு விடல."

அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு அவைகளும் என்னைப் பார்த்தன. (போனில் பேசிக்கொண்டே நடந்தால் குழாய் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது?)

ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை, என்னுடையது உட்பட. அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பதினான்கு நாளும் நான் அவரைக் கவிழ்க்கத் தீர்மானத்தை நகல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபடியே அம்மாவிடம் கேட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஆசையா கோட்டு தேச்சிட்டிருந்தியேடா."

இப்போது நான் வக்கீல். வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, நான் என்று நான்கு பேர். குழம்பில் உப்பு இல்லை என்று வாயைத் திறந்தால், "எழுதிக் குடு, பதினாலு நாள் கழிச்சுப் பாக்கலாம்" என்கிறாள் அம்மா. நால்வரில் கால்வாசி நான் ஒருவனே. நோட்டீஸ் கொடுக்கத் தடையில்லை. நிறைவேற மூன்று கை வேண்டும். இதுவரை அப்பாவின் கையைக்கூட என்னால் உயர்த்த முடியவில்லை.