மடக்கு நாற்காலி விமானி

விமானப் பந்தயத்துக்கு வருகிறவர்களில் ஓட்டுகிறவர், பழுது பார்க்கிறவர், வேடிக்கை பார்க்கிறவர் என்று மூன்றே ரகம்தான் என நினைத்திருந்தால், முக்கியமான ஒருவரை விட்டுவிட்டீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்டுகிறவர்!

எங்கள் நெவாடா பாலைவனத்தில் செப்டம்பர் பிறந்தால் போதும். மடக்கு நாற்காலி, தொலைநோக்கி, பீர்ப்பெட்டி, துணி தெரியாத அளவுக்குப் பேட்ஜ் குத்திய தொப்பி சகிதமாக இவர் முன்வரிசையில் முளைத்துவிடுவார். என் பக்கத்தில் முளைப்பவர் வெர்ன் டாக்கெட். ஆயுள் முழுக்க ஸ்பார்க்ஸ் ஊரில் மெத்தை விற்றவர். விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார் என்கிறார் அவர் மனைவி லோரெட்டா. அதனால் என்ன? ஆலோசனை சொல்லக் கண் எதற்கு?

இந்த வருடம் இறுதிப் பந்தயத்தில் அவர் ‘ஓட்டியது’ மைட்டே எச்செவெரியின் பழைய போர் விமானத்தை. மைட்டே, மற்ற நாட்களில் வின்னமக்கா பக்கம் வயல்களுக்கு மருந்து தெளிக்கிற பெண். தரையை உரசுகிற உயரத்தில், பந்தயப் பாதைக்கு எல்லையாக நட்ட கம்பங்களைச் சுற்றி, முதலில் போகிறவனை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பறந்துகொண்டிருந்தாள்.

“ஒடி! இப்ப ஒடி! கம்பத்த ஒட்டித் திரும்பும்மா! ஐயோ, இவளுக்கு யாருய்யா லைசென்ஸ் குடுத்தது?”

“வெர்ன், அவளுக்குக் கேக்காது” என்றார் லோரெட்டா.

“கேக்காததுனாலதான் ரெண்டாவதா வர்றா!”

அப்போது அவள் விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு மேலே ஏறியது.

“பயந்தாங்கொள்ளி! ஜெயிக்கப் போற நேரத்துல வானத்துக்குப் போறா பாரு!”

பிறகுதான் பார்த்தோம். மூக்கிலிருந்த சுழலி அசையாமல் நின்றிருந்தது. எஞ்சின் செத்துவிட்டது.

அத்தனை கூட்டமும் எழுந்து நின்றது. மைட்டே இருந்த வேகத்தையெல்லாம் உயரமாக்கிக்கொண்டு, அந்த உயரத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தபடி, சத்தமே இல்லாமல் ஓடுபாதையை நோக்கி வட்டமடித்து வந்தாள். வெர்னின் தொலைநோக்கி மண்ணில் கிடந்தது. இல்லாத விமானக் கைப்பிடி ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தார்.

“இன்னும் கொஞ்சம்... விழுந்துடாத கண்ணு... சக்கரம்... சக்கரத்த எறக்கு...”

கடைசி நொடியில் சக்கரங்கள் வெளியே வந்தன. ஒரு குதி, இரண்டு குதி, புழுதி. விமானம் முழுசாக நின்றது.

வெர்ன் குழந்தை மாதிரி அழுதார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“மேல தூக்குன்னு நான் சொன்னேன்ல?”

அதோடு விட்டாரா? விமானங்கள் நிற்கிற இடத்துக்கே எங்களை இழுத்துக்கொண்டு போனார். மைட்டே தலைமுடியெல்லாம் எஞ்சின் எண்ணெயோடு றெக்கையில் உட்கார்ந்து பர்ரிட்டோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தாம்மா எறக்குன. ஆனா நடுக்கோட்ட விட்டு எடது பக்கம் போயிட்ட. எதிர்ல ஒரு மல தெரியுது பாரு, அதக் குறி வெச்சுக்கணும்.”

“முன்கண்ணாடி பூரா எண்ணெய் சார். மலையா? விமானத்தோட மூக்கே தெரியல. பக்கவாட்டுல எட்டிப் பாத்துத்தான் எறக்குனேன்.”

வெர்ன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “அதத்தான் நானும் சொல்ல வந்தேன்.”

மைட்டே வாய்விட்டுச் சிரித்தாள். இறங்கியதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்றான் அவளுடைய மெக்கானிக். “உங்க சத்தம் அங்க வரைக்கும் எட்டல சார், அதான் கோணலாயிடுச்சு. அடுத்த வருஷம் இன்னும் சத்தமா சொல்லுங்க.”

சொல்வார். சந்தேகமே வேண்டாம்.

வீடு திரும்பும்போது கார் ஓட்டியது லோரெட்டா. ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் பிரேக் போட்டது பக்கத்துச் சீட்டிலிருந்த வெர்ன்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை யாரோ ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, கொஞ்சம் குனிந்து உங்கள் வலது காலைப் பாருங்கள். அங்கேதான் ஒன்றுமே இல்லையே, எதை அப்படி மிதித்துக்கொண்டிருக்கிறது?