வழுக்காத ஷூ

எண்ணெய் நிரப்பும் கூடத்தின் நடுவில் மேற்பார்வையாளர் மல்லாந்து கிடந்தார். வழுக்காத பாதுகாப்பு ஷூவைப் பற்றி அவர் பேசத் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"பிரமாதம்," என்றார் வாசலில் நின்ற மேலாளர். "அடுத்து?"

கூடம் துடைக்கும் அக்கா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்.

"அடி பட்டுதா தம்பி?"

"அதெல்லாம் இல்லக்கா."

போன மாதம் மூடி போடுகிற பெண் இதே தரையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மேற்பார்வையாளர் மேலாளரை நச்சரித்து, மாதிரிக்கு இரண்டு ஜோடி ஷூ வரவழைத்திருந்தார். ஒன்று அவர் காலில். மற்றதை அளவு சரியாயிருந்த யாருக்கோ கொடுத்திருந்தார். இருந்த பதற்றத்தில் யாருக்கென்று நினைவில்லை. இன்று நடந்து காட்டினால் நாற்பது பேருக்கும் ஷூ. இல்லாவிட்டால் பழைய செருப்பேதான்.

அதற்காகவே நேற்று சாயங்காலம் உட்கார்ந்து பாலிஷ் போட்டார். "மூஞ்சியே தெரியுது, விடுங்களேன்," என்று மனைவி சொல்லியும் விடவில்லை. ஷூவைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார்.

"எண்ணெய் கொஞ்சம் அதிகமா சிந்தியிருக்கு சார். சோப்புத் தண்ணி ஊத்திட்டா சரியாயிடும்."

மேற்பார்வையாளரே ஊற்றினார். நுரை பொங்கியது. இரண்டடி வைத்தார், மூன்றாவதை ஷூவே வைத்தது. போகிற போக்கில் காலி டப்பா அடுக்கையும் சாய்த்துவிட்டுத்தான் நின்றார்.

அக்கா மறுபடி ஓடிவந்தார்.

"மரத்தூள்!" என்று படுத்தபடியே கத்தினார் மேற்பார்வையாளர். "மரத்தூள் கொட்டினா பிடிச்சுக்கும் சார்!"

மரத்தூள் பிடித்துக்கொள்ளத்தான் செய்தது. மூன்றாம் முறையும் விழுந்து, அக்கா ஓடிவந்து தூக்கியபோது தலை முதல் கால் வரை பிடித்திருந்தது.

"இனிமே பொரிச்செடுக்க வேண்டியதுதான் பாக்கி," என்றார் மேலாளர். "எண்ணெய்க்கா இங்க பஞ்சம்? போதும்யா. ஷூவைத் திருப்பி அனுப்பிடு."

"சார், அந்தப் பொண்ணோட கை..." என்றார் மேற்பார்வையாளர்.

மேலாளர் திரும்பி நடந்தார்.

"ஒரு நிமிஷம் சார்." மேற்பார்வையாளரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி, எண்ணெயும் நுரையும் மரத்தூளும் குழம்பிக் கிடந்த தரையில் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்தார் அக்கா. "மூணு தடவை இவரத் தூக்க ஓடி வந்தேனே, ஒரு தடவையாவது விழுந்தேனா? என் கால்லயும் இதே ஷூதான். என்ன, தம்பி மாதிரி நான் அடியில பாலிஷ் போடல."