லஞ்சம் தின்ற டின்னு நைனா

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்து, மீனை ஒரு சாப்பாட்டுப் பொருளாகவே மதிக்காத ஒரே மனிதர் டின்னு நைனாதான். ஏரியில் இறால் துள்ளும், கடலில் வஞ்சிரம் புரளும், வலையில் நண்டு வந்து வம்புக்கு இழுக்கும். மனிதர் அத்தனையையும் பிடித்து, அத்தனையையும் விற்றுவிட்டு, டப்பாவில் அடைத்த கறி வாங்கச் சென்னைக்குப் போவார். கரும்புத் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு சர்க்கரைக்கு ரேஷன் கடையில் நிற்கிற ரகம்.

நான் கோட்டைக்குப்பத்தில் ஓர் ஐஸ் கம்பெனிக்குக் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்த காலம் அது. ஊரில் என் பெயர் 'ஐஸ் சார்'. நைனாவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். நடுவில் ஒரு தட்டிதான். அந்தத் தட்டி சத்தத்தையும் தடுக்காது, வாசனையையும் தடுக்காது.

அந்த டப்பாப் பழக்கத்துக்குக் காரணம் ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் வந்து கோட்டை கட்டி, வியாபாரம் பண்ணி, ஊரிலேயே செத்தும் போனவர்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். தங்கள் முப்பாட்டனாரைத் தேடி எப்போதாவது வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். உடனே நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூன்று சொல். "கம். லுக். டெட்." சுற்றிக்காட்ட அதற்கு மேல் தேவையும் இல்லை.

ஒருமுறை கிழட்டு வெள்ளைக்காரர் ஒருவர் பணத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். நைனா வாங்கவில்லை. கை நீட்டி வாங்குவது அவருக்கு ஆகவே ஆகாது. வெள்ளைக்காரருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பையைத் துழாவித் தன் மத்தியானச் சாப்பாட்டை, ஒரு டப்பாவை, எடுத்து அவர் கையில் வைத்து "லஞ்சன்" என்றாராம். சாப்பாட்டுப் பொருளைத் தட்டுவது பாவம் என்று இவர் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நாக்கில் ஒட்டியது, அப்புறம் போகவேயில்லை.

"பாத்தியா ஐஸ் சார்" என்று வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டைக் காட்டி எனக்கு விளக்கம் சொன்னார். "இவங்க ஊர்ல லஞ்சன் துன்னுகினு சோக்கா இருந்தானுங்க. இங்க வந்து வெறும் மீனாத் துன்னானுங்க. எலும்பாப் பூட்டானுங்க."

அவர் அதைத் தின்கிற விதம் ஒரு சடங்கு. டப்பாவோடு ஒரு சின்னச் சாவி ஒட்டியிருக்கும். அதை மாட்டித் திருகினால் தகரம் நாடா மாதிரி சுருண்டு வரும். "டப்பாக்கே சாவி வெச்சுப் பூட்டிக் குடுக்கறான்னா உள்ள எவ்ளோ உசத்தி பாரு!" என்பார். இளஞ்சிவப்பாக ஒரு கட்டி பொத்தென்று விழும். வலை பின்னும் நைலான் நரம்பின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு நுனியைக் கையில் இழுத்துப் பிடித்து, அதைத் துண்டு துண்டாக அறுப்பார். கத்தி பட்டால் ருசி போய்விடுமாம். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் ஓரம் முறுகும்வரை வறுத்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்.

ஊருக்கு அந்த வாசனையே ஆகாது. "கப்பல்ல நாய்க்குப் போடறதுய்யா அது" என்பார் ஒருவர். "சண்டைல மிச்சம் ஆன கறி" என்பார் இன்னொருவர். நைனாவின் சம்சாரம் தேசம்மா அவரை அடுப்பங்கரையிலிருந்தே தள்ளிவைத்திருந்தாள். கொல்லைப்புறத்தில் அவருக்குத் தனியாக மூன்று கல் அடுப்பு.

நான் ஒருநாள் கேட்டேன். "அது எந்த மிருகத்தோட கறி நைனா?"

"லஞ்சன்."

"லஞ்சன்னா?"

"அது ஒரு மிருகம் சார். குளுரு தேசத்துல கீது. அதுக்கு எலும்பே கெடியாது."

"எலும்பில்லாம எப்படி நடக்கும்?"

"நடந்தா அது எதுக்குக் கைல மாட்டப் போவுது?" என்றார்.

இந்த மனிதருக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. ஏரியில் அவரவர் இஷ்டத்துக்கு வலை போட்டுவிட முடியாது. எந்த இடம் யாருக்கு என்பது முறை. அந்த இடத்துக்குப் 'பாடு' என்று பெயர். எங்கள் குப்பத்தில் வருஷத்துக்கு ஒருமுறை பெயர்களை எழுதிப் பானையில் போட்டு, பாடு பாடாகச் சீட்டெடுப்பார்கள். முகத்துவாரத்துப் பாடு விழுந்தால் வருஷம் முழுக்க இறால். மேட்டுப் பாடு விழுந்தால் வலையைக் காயப்போடக் கரைக்கு வர வேண்டாம், போட்ட இடத்திலேயே காயும். அந்தப் பானைக்குள் கைவிடுகிற ஆள் பதினைந்து வருஷமாக டின்னு நைனா. ஒருத்தர் கையிலும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை என்று ஊரே சொல்லும். அவருக்கு இருந்த திமிரெல்லாம் அந்த ஒன்றில்தான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. வந்த இடம் அடிபம்பு.

சீட்டெடுக்க நாலு நாள் இருக்கும்போது, குடத்தை வைத்துவிட்டுத் தேசம்மா வழக்கமான புலம்பலைப் புலம்பியிருக்கிறாள். ஊருக்கு அது வெறும் டப்பாக் கறி; லஞ்சன் என்ற பெயர் அந்த வீட்டையும் என்னையும் தாண்டியதில்லை, அதுவும் அவள் வாயில் எப்போதும் லஞ்சம்தான். "எங்கூட்டு ஆளுக்கு லஞ்சம் துன்னாம சோறு எறங்க மாட்டேங்குதுடி. கட்டிலுக்குக் கீழ அடுக்கி வெச்சிகீது. பேஜாராக் கீது எனக்கு."

கேட்டுக்கொண்டிருந்தவள் கொடுவாவின் மனைவி. கொடுவா என்பவர் கொடுவா மீன் மாதிரியே வாய் அகன்ற ஆள். இரண்டு வருஷமாக மேட்டுப் பாடே விழுந்து நொந்துபோயிருந்தவர். அவருக்கு இது போதாதா? பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது.

சீட்டெடுக்கும் காலையில் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. நைனா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து பானைக்கு அருகில் உட்கார்ந்தார். கொடுவா எழுந்தார்.

"தலைவரே, பானைல கை வுடறதுக்கு மின்னாடி ஒரு நாயம் கேக்கணும். நைனா, சாமி மின்னாடி கேக்கறேன். நீ லஞ்சம் துன்றியா இல்லியா?"

"துன்றேன்" என்றார் நைனா. "ஊருக்கே தெரியுமே. இன்னா இப்ப?"

ஊர்த் தலைவருக்கு வேர்த்துவிட்டது. "எத்தினி வருசமா?"

"ஆவுது இருவது வருசம்."

"யார் குடுத்தது?"

"மொதல்ல குடுத்தது ஒல்லாந்துக்காரன். இப்பல்லாம் நானே போயி வாங்கியாறேன்."

"கேட்டீங்களா!" என்று குதித்தார் கொடுவா. "போயி வேற வாங்கியாறாராம்! எங்க வெச்சிகீற?"

"கட்டிலுக்குக் கீழ. வா, காட்றேன். ஒளிச்சா வெச்சிகீறேன்?"

"ஒண்டியாவே துன்றியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"நான் வேணாம்னனா? நீட்டினா மூக்கப் பொத்திகினு ஓட்றீங்க. வாங்கித் துன்னு பாரு, அப்பறம் வுட மாட்ட!"

நான் ஓரமாக நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போது தலைவர் தலையைக் குனிந்தபடி, "நைனா, இனிமே நீ பானைல கை வெக்க வேணாம்" என்றார். நைனாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "வெக்க வேணாமா? நான் இன்னா துன்னா ஒங்களுக்கு இன்னாபா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"தலைவரே, ஒரு நிமிஷம்" என்றேன். தேசம்மாவை அனுப்பிக் கட்டிலுக்குக் கீழே இருப்பதைக் கொண்டுவரச் சொன்னேன். தின்றது போக மிச்சம் இருந்தது ஒரே ஒரு டப்பா. அதைத் தூக்கிப் பிடித்து எழுத்தைப் படித்தேன். "இது லஞ்சம் இல்லை, லஞ்சன். அப்படின்னா மத்தியானச் சாப்பாடுன்னு அர்த்தம். அவர் தின்னது இதைத்தான்."

முதலில் பதறியது நைனா. "அய்யய்யோ! அப்ப அது மிருகம் இல்லியா?"

கொடுவா லேசில் விடுவாரா? "மேல ஆயிரம் எழுதுவான். உள்ள இன்னா கீதுன்னு எவன் கண்டான்?"

நைனா சாவியைத் திருகினார். நைலான் நரம்பைப் பல்லில் கடித்துக் கறியைத் துண்டு போட்டார். டீக்கடைக்காரர் தோசைக்கல்லைக் கொண்டுவந்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். கொடுவா மூன்று துண்டு தின்றார், அதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்வதற்காகத்தான். இத்தனை நாள் முகம் சுளித்த எனக்கு, ஓரம் முறுகின அந்தத் துண்டு உண்மையிலேயே பிடித்துப்போனது. வெளியில் "பரவாயில்லை" என்று சொல்லிவைத்தேன். கல் காலியானது. நைனாவுக்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

"கைய வெய்யி நைனா" என்றார் தலைவர்.

நைனா சோப்புப் போட்டுக் கை கழுவினார். சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டார். தலைவர் எந்தப் பாடு என்று சொல்ல வேண்டியது, நைனா சீட்டை எடுத்துப் பிரிக்க வேண்டியது, வெளியூர்க்காரன் என்பதால் படிக்க வேண்டியது நான். முகத்துவாரத்துப் பாடு யாருக்கோ போனது. நாலைந்து பாடு முடிந்தது. "மேட்டுப் பாடு" என்றார் தலைவர்.

நைனா எடுத்தார், பிரித்தார், பார்த்தார். அவர் கட்டைவிரல் சீட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என்னிடம் நீட்டி, "சத்தமாப் படி ஐஸ் சார்" என்றார்.

அவர் பெயர்தான். சத்தமாகவே படித்தேன். தேசம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு வருஷச் சோறு அல்லவா அது? கொடுவாவே எழுந்து நின்றுவிட்டார். "நைனா, அதத் திருப்பிப் போட்டு வேற எடு. தப்பா பேசிட்டேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"அய்ய" என்றார் நைனா. "அதுக்குப் பேருதான்டா லஞ்சம்."

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்ததற்குப் பானையில் கைவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பொன்னேரிக்கு முதல் பஸ் பிடித்து, அங்கிருந்து சென்னைக்கு ரயிலேறி, வெளிநாட்டுச் சாமான் விற்கிற பர்மா பஜாருக்குப் போனேன். சும்மா கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். எனக்குத் தின்ன ஆசை, வறுக்கத் தெரியவில்லை, நீங்கள்தான் வறுத்துத் தர வேண்டும் என்று சொல்வதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அதில் பாதிதான் பொய். ஆறு டப்பா கேட்டேன். கடைக்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொல்லிவிட்டு, நான் எவ்வளவு குறைத்துக் கேட்பேன் என்று காத்திருந்தார். அந்த மனிதருக்காக வாங்கும்போது பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை.