சாட்சி கேட்கவில்லை

காரிமங்கலம்

அன்புள்ள இனிகோ சித்தப்பாவுக்கு,

சில்வியா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே அப்பா, அம்மா, இரண்டு ஆம்ப்ளிஃபயர், நான்கு ஹாரன் எல்லாரும் நலம். ஓசூரில் சித்தியின் கால்வலி தேவலையா? போனில் எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். வழக்கில் நாம் ஜெயித்துவிட்டோம்.

நம் சவுண்ட் சர்வீஸ் கம்ப்யூட்டரிலிருந்து இருநூற்றுப் பதினான்கு பாட்டுகளை இன்டர்நெட்டில் ஊருக்கே பங்கு வைத்தோம் என்று சென்னை மியூசிக் கம்பெனி போட்ட வழக்கு உங்களுக்குத் தெரியும். தோற்றால் கம்ப்யூட்டரும் போகும், அப்பாவின் தொழிலும் போகும். அவர்கள் கொண்டுவந்த சாட்சியமோ வெறும் ஃபைல் பெயர்களின் பட்டியல். அப்பா எந்தப் பாட்டுக்கு அதன் சொந்தப் பெயரை வைத்திருக்கிறார்? கல்யாணத்தில் எப்போது போட வேண்டுமோ அதுதான் பெயர். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, "மாப்பிள்ளை லேட் ஒண்ணு, மாப்பிள்ளை லேட் ரெண்டு, சம்பந்தி சண்டை... இதெல்லாம் உங்க கம்பெனி பாட்டா?" என்றார். கம்பெனி சாட்சி சங்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நம் வக்கீல் பச்சியப்பன் விடவில்லை. "பேரைப் பாத்தீங்களே, தொறந்து கேட்டீங்களா?" "ஒண்ணு ரெண்டு கேட்டேன் சார்." "எது?" "ஞாபகமில்லை சார்." அப்படியானால் ஒன்றைப் போடுங்கள் என்றார் ஜட்ஜ். சம்பந்தி சண்டையைப் போட்டார்கள். அப்பாவின் குரல்! "பந்தி ரெடிங்க, எல்லாரும் சாப்புட வாங்க, சாப்புட வாங்க!" சண்டைச் சத்தத்தை அமுக்க அப்பா பதிந்து வைத்தது. மணி பன்னிரண்டே முக்கால் வேறு, பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

கம்பெனி வக்கீல் எழிலரசி சிரிக்கவில்லை. "மீதி இருநூத்திப் பதிமூணையும் கேட்டவங்க யாராச்சும் இருப்பாங்களே?" என்றார். அப்பா முந்திக்கொண்டார். "எம்பொண்ணுதாங்க ஐயா! வூட்டுல டிகிரி படிச்சது அது ஒண்ணுதான், கம்ப்யூட்டர் பூரா அதும் பொறுப்பு!" என்னைக் கூண்டில் ஏற்றி, சத்தியமும் வாங்கிவிட்டார்கள். "அந்த ஃபைல் எல்லாம் கேட்டிருக்கீங்களாம்மா?" என்றார் ஜட்ஜ். பொய் சொல்ல மனம் வரவில்லை சித்தப்பா. "கேட்டிருக்கேங்க ஐயா, எல்லாம் இவங்க பாட்டுதாங்க" என்றேன். என் குரல்தான் தெரியுமே, பக்கத்தில் நிற்பவருக்கே எட்டாது, தலைக்கு மேல் ஃபேன் வேறு. ஜட்ஜ் காதருகே கையைக் குவித்து, "கேக்கலை" என்றார். கோர்ட்டில் தட்டச்சு செய்யும் பெண்மணி அதையே என் பதிலாக எடுத்துக்கொண்டு "கேட்கவில்லை" என்று அடித்துவிட்டார். ஜட்ஜும் அதைப் பார்த்து, "ஓ, கேக்கலையா? சரி, இறங்குங்க" என்றார். கையெழுத்துப் போடும்போதுதான் படித்தேன். திருத்தச் சொன்னேன், அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. அப்பா மட்டும் பின்னாலிருந்து, "மைக்கைக் கிட்ட வச்சுப் பேசு பாப்பா!" என்று கத்த, பச்சியப்பன் அவர் காலை மிதித்தார்.

போன வாரம் தீர்ப்பு. சாட்சியம் போதாதாம், வழக்கு தள்ளுபடி. அம்மா கோயிலில் நம் எல்லார் பேருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். உங்கள் ஆசி எனக்கும், கொஞ்சம் என் குரலுக்கும் வேண்டும்.

பணிவுடன்,
சில்வியா

பி.கு.: தீர்ப்புக்கு மறுநாள் அந்தக் கம்பெனி சாட்சி சங்கர் நம் வீட்டுக்கு வந்தார். தமக்குக் கல்யாணமாம், இதே பாட்டெல்லாம் இதே வரிசையில் வேண்டுமாம். அப்பா உருகிப்போய் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினார். சென்னைக்காரருக்குப் புரியாதே என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது என்ன பாட்டு, எந்தப் படம் என்று தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை சீலும் வைத்துக் கொடுத்தார். இன்று காலை சென்னையிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை, உறையில் கம்பெனி வக்கீலின் முத்திரை. கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டதென்று அப்பா ஹாரனுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்.