மாமாவின் பாட்டும் என் சாவியும்

வாயால் சொல்லத் தைரியம் இல்லாததையெல்லாம் பாஸ்வேர்டாக வைத்துவிடுவது என் பழக்கம். கல்லூரி விடுதியில் வார்டனைப் பற்றி ஒன்று வைத்திருந்தேன். அதை இங்கே எழுத முடியாது.

கல்யாணமாகி நைனார்பாளையம் வந்தபோது சென்னைக் கம்பெனி ஒன்றில் ப்ரோக்ராம் எழுதும் வேலையில் இருந்தேன். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். மாமனார் மரவள்ளி விவசாயி. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பத்து மணிக்கு வந்தாரென்றால், கோயில் பஜனைக்குப் பயிற்சி என்று கூடத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிடுவார். குரல் கம்பீரமானதுதான். சுருதி மட்டும் பாதியிலேயே அவரை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறிவிடும். முதல் வாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரொம்ப நல்லா இருக்குது மாமா என்றேன். (புது மருமகள் வேறென்ன சொல்வாள்?) அன்றிலிருந்து எனக்காகவே இரண்டு பாட்டு ஜாஸ்தி.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் புதிதாக ஒரு எஸ்.எஸ்.ஹெச். சாவி தேவைப்பட்டது. எங்கள் ப்ரோக்ராம்களின் பழைய, புதிய வடிவங்கள் எல்லாம் தூரத்தில் ஒரு சர்வரில் இருக்கும். அதற்குள் பத்திரமாகப் போய்வர இந்தச் சாவி வேண்டும். சாவி என்றால் கணினிக்குள் இருக்கும் ஒரு கோப்பு. அதற்கும் ஒரு ரகசியச் சொல் வைக்க வேண்டும். கூடத்தில் மாமா உச்சஸ்தாயியில் இருந்தார். ஆங்கில எழுத்தில் அடித்தேன்: ‘மாமா பாடாதீங்க’. மனசு லேசானது.

என் வேலை இதுதான்: ஜாவா மொழியில் எழுதிய ப்ரோக்ராம் ஒன்று, லைப்ரரி என்று நாங்கள் சொல்லும் ஒரு துணை ப்ரோக்ராமின் உதவியோடு, தானாகவே அந்த சர்வருக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவர வேண்டும். நான் கையால் கட்டளை அடித்தால் சர்வர் மரியாதையாகக் கதவைத் திறந்தது. லைப்ரரி போய் நின்றால் சாத்தியது. முதல் நாள், இந்த சர்வர் யாரென்றே தெரியாது என்றது லைப்ரரி, அறிமுகம் செய்துவைத்தேன். இரண்டாம் நாள், சாவி எங்கே என்றது, இடத்தைக் காட்டினேன். மூன்றாம் நாள்தான் என் மண்டையில் ஏறியது. நான் கட்டளை அடிக்கும்போது, கணினி அந்த ரகசியச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொண்டு எனக்காகக் கொடுத்துவிடுகிறது. லைப்ரரிக்கு அதை நான்தான் எழுதித் தர வேண்டும்.

தந்தேன். ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைத் திரையில் காட்டும்படி ஒரு வரியும் சேர்த்தேன். கதவு திறந்தது. சந்தோஷத்தில் அந்த வரியை அழிக்க மறந்தேன்.

மறுநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் பீட்டருக்கு அதை வீடியோ அழைப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக நடந்தால்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று டீம் லீடர் சொல்லியிருந்தார். இன்டர்நெட் கூடத்தில்தான் ஒழுங்காக வரும். விஷயத்தைச் சொன்னதும் மாமா பாட்டை ஒத்திவைத்துவிட்டுப் பேப்பரோடு மூலையில் உட்கார்ந்தார். இருமலைக்கூடத் துண்டுக்குள் இருமினார். அன்றைக்குப் பார்த்து ஹெட்செட் உயிரை விட்டதால், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரையைப் பகிர்ந்து ப்ரோக்ராமை ஓட்டினேன்.

சர்வரில் எங்கள் ப்ரோக்ராம்கள் எட்டுத் தொகுப்புகளாக இருந்தன. எட்டுக்கும் எட்டு முறை கதவு தட்ட வேண்டும். எட்டு வரியிலும் ‘மாமா பாடாதீங்க’ என்று திரையில் இறங்கியது. டீம் லீடர் சட்டென்று தன் கேமராவை அணைத்தார். (சிரிக்கத்தான்.) பீட்டருக்கு அது ஏதோ தொழில்நுட்பச் சொல்லாகத் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தி நிதானமாக, கேள்வி கேட்கும் ராகத்தில் சத்தமாகவே படித்தார்:

“மாமா... பாடா... திங்கா?”

மூலையில் பேப்பர் மடங்கியது. மாமா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, கேமராவை ஒருமுறை பார்த்தார்.

“பாடறதா? அதுக்கு இன்னா, பாடிட்டா போச்சு” என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

முழுப் பாட்டு. பல்லவி மட்டும் நான்கு முறை. அவர் முடிப்பதற்கும் எட்டுத் தொகுப்பும் வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. பீட்டர் கைதட்டினார். தங்கள் ஊரில் எந்தக் கம்பெனியும் இப்படிப் பாட்டு வைத்ததில்லை என்றார். வேலை நிரந்தரமானது. ரகசியச் சொல்லை மாற்றச் சொல்லி டீம் லீடர் அன்றே தனியாக ஒரு மெயில் அனுப்பினார்.

வெள்ளைக்காரனே கேட்டு வாங்கிப் பாடவைத்தான் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு வருஷம் அதைக் கேட்டுக் கூசிப்போய், என் மகளின் காதுகுத்து அன்று அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வெற்றிலையை நிதானமாக மென்று முடித்தார்.

“பாடாதீங்கன்னுதான் அந்தாளு படிச்சான். எனக்கு இன்னா, காது கேக்காதா? நீ அழற மாதிரி குந்தினு இருந்த. வேற இன்னா பண்றதுன்னு தெரியல. பாடிட்டேன்.”

அவர் அதோடு விடவில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால், எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்.

“எம்மா, பாடாதீங்கன்னு ஒரு வாட்டி சொல்லு. ஆரம்பிக்கறேன்.”

நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.